சுந்தரதாஸ் கரடியாக இருந்த இருபத்திரண்டு நாட்கள்

எங்கள் கொல்லயில் ஊரில் சுந்தரதாசைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் பேசியவர்கள் குறைவு. முப்பத்தோரு வருடம் குடிநீர்ப் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டராக இருந்தார். காலை ஐந்து மணிக்கு வால்வைத் திறப்பார், ஏழரைக்கு மூடுவார், மாலை நான்கு மணிக்கு மறுபடி திறப்பார். நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே அவரைத் தேடி யாராவது வந்தால், தண்ணீர் வரவில்லை என்று சண்டை போடத்தான் வருவார்கள். வேறு எதற்கும் வரமாட்டார்கள்.

நான் அவருடைய அடுத்த வீட்டுக்காரன். சர்ச் சபைக் கமிட்டியிலும் நாங்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான். அதனால் அவர் கரடியான கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

ஐம்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றபோது அவருக்கு முதுகுவலி மட்டும் மிச்சமாக இருந்தது. நெய்யாற்றின்கரையில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இடுப்பெலும்பில் தேய்மானம், அதிக நேரம் நிற்கக்கூடாது, அதிக நேரம் உட்காரக்கூடாது, அதிக நேரம் படுக்கவும் கூடாது என்றார். "பெறவு என்னதான் செய்யணும் டாக்டரே?" என்று சுந்தரதாஸ் கேட்டதற்கு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

விடை கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஒருநாள் மூக்குக்கண்ணாடி அங்கே விழுந்துவிட, அதை எடுக்கக் கைகளையும் முட்டுகளையும் ஊன்றிப் போனார். வலி நின்றுவிட்டது. கண்ணாடி கிடைத்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அப்படியே அறையை ஒரு சுற்று சுற்றினார், அடுக்களைக்குப் போனார், திரும்பி வந்தார். அன்று முதல் வீட்டுக்குள் நான்கு காலில்தான் நடமாட்டம். அவர் மனைவி ஆனந்தபாய் முன்னறையில் தையல் மிஷின் போட்டு பிளவுஸ் தைப்பவர். அளவு கொடுக்க வரும் பெண்கள் பயப்படக்கூடாது என்று கதவுக்குத் திரை போட்டார்.

"இஞ்ச பாருங்க, நாட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாவ?"

"நெனைக்கவியளுக்கு முதுகு வலி கெடையாதுல்லா."

சில வாரங்களில் முற்றத்துக்கும் இறங்கிவிட்டார். காலையில் கேட்டருகே விழுந்து கிடக்கும் பேப்பரை எடுக்க அப்படியே போவார். இரண்டு கைகளும் தரையில் இருப்பதால் பேப்பரைப் பல்லில் கவ்வி வருவார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பல் தேய்த்தபடி, "என்ன விசேஷம்?" என்று கேட்பேன். அவர் வாயில் பேப்பர் இருப்பதால் தலையை மட்டும் ஆட்டுவார்.

அப்படி அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் வினீத் பைக்கை நிறுத்தினான். பாறசாலைக்காரன், கொச்சிக்குப் போய் சினிமா கற்றுக்கொண்டு, தன் முதல் படத்தை எடுக்க ஊருக்குத் திரும்பியிருந்தான். பைக்கிலிருந்து இறங்காமலே ஐந்து நிமிடம் பார்த்தான்.

"மாமா, இப்பிடி எவ்வளவு நேரம் நடப்பிய?"

சுந்தரதாஸ் பேப்பரைக் கீழே வைத்தார். "சாப்பாட்டு நேரம் வரைக்கும் நடப்பேன். சாப்பிட ஒக்காரணும்லா."

வினீத் எடுக்கப்போவது குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்கும் படம். ஒரு எஸ்டேட் முதலாளி கூண்டில் அடைத்து வைத்திருக்கும் கரடியோடு ஒரு சிறுமி சிநேகமாகி, கடைசியில் அதைக் காட்டில் கொண்டுபோய் விடுகிறாள். உயிருள்ள கரடியை நடிக்கவைக்க இந்த நாட்டில் அனுமதி இல்லை. அதனால் நீல உடுப்புப் போட்ட ஓர் ஆள் கரடியின் இடத்தில் நடப்பார், பிறகு கம்ப்யூட்டரில் அவரை அழித்துவிட்டு அங்கே கரடியை வரைவார்கள். கொச்சியிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் அரைமணி நேரம் நான்கு காலில் நடந்துவிட்டு முட்டு வீங்கிப் படுத்துவிட்டார்களாம்.

வினீத் இதையெல்லாம் விளக்கி முடித்தபோது திரைக்குப் பின்னாலிருந்து ஆனந்தபாயின் குரல் வந்தது.

"கரடிக்கு உடுப்பு எப்பிடியாக்கும்? எறுக்கமா இருக்குமா?"

இறுக்கமாகத்தான் இருந்தது. தலை முதல் கால்வரை நீலம், அங்கங்கே பட்டன் போல வெள்ளைப் புள்ளிகள், முகத்தை மூடும் தொப்பியில் கண்ணுக்கு இரண்டு, வாய்க்கு ஒன்று என்று ஓட்டைகள். சபைக் கமிட்டி உறுப்பினர் ஒருவர் இப்படி நாலுபேர் முன்னால் போவதில் ஆனந்தபாய்க்குச் சம்மதமில்லை. இடுப்பில் ஒரு துவர்த்துத் துண்டாவது கட்டவேண்டும் என்றார். துவர்த்து கட்டினால் கம்ப்யூட்டரில் கரடிக்கும் துவர்த்து வந்துவிடும் என்று வினீத் கெஞ்சினான். கடைசியில் உடுப்பின் பின்பக்கத்தை ஆனந்தபாயே பிரித்து, நீலத்துணி ஒட்டுப்போட்டுத் தளர்த்தித் தந்தார். படத்தில் கரடிக்குப் பின்பக்கம் கொஞ்சம் பெரிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஒற்றசேகரமங்கலம் தாண்டி, ஆள் இல்லாத ஒரு ரப்பர் எஸ்டேட் பங்களாவில் படப்பிடிப்பு. பிளாஸ்டிக் குழாய்களுக்கு இரும்பு நிறம் அடித்து ஒரு கூண்டு செய்திருந்தார்கள். சிறுமியாக நடித்தவள் எங்கள் சபையைச் சேர்ந்த ஜீனா, ஒன்பது வயது. முதல் இரண்டு நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. கேமரா ஓட ஆரம்பித்ததும் அவள் கூண்டருகே வந்து, "தாஸ் மாமா, முட்டு நோவுதா?" என்று கேட்டுவிடுவாள்.

வினீத் அவளை ஒரு மரத்தடிக்கு அழைத்துப்போனான். "மக்கா, அது தாஸ் மாமா இல்ல. அது கோபி. கரடியாக்கும். தாஸ் மாமா வீட்டுல இருக்காரு. வெளங்கிச்சா?"

விளங்கிவிட்டது. ரொம்பவும் விளங்கிவிட்டது. அதன்பிறகு தொப்பி தலையில் இருக்கும்வரை அவளுக்கு அது கோபிதான். ஷாட் இல்லாத நேரத்திலும் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பலாச்சக்கைச் சுளையை ஒவ்வொன்றாகக் கம்பிக்குள் நீட்டினாள். பள்ளிக்கூடத்துக் கதை, தம்பி சோப்பைத் தின்ற கதை, கணக்குடீச்சரின் மூக்குத்தி காணாமல்போன கதை எல்லாம் சொன்னாள். சாப்பாட்டு இடைவேளையில் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து, "பெறவு மூக்குத்தி கிட்டிச்சா மக்கா?" என்று கேட்டால், "அது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

சுந்தரதாஸ் இதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் ஒரு கூச்சம் இருந்தது. "ஒரு ஆளு எனக்கப் பக்கத்துல வந்து ஒக்காந்து, தண்ணி வரல்லன்னு சொல்லாம வேற வர்த்தமானம் சொன்னது இதாக்கும் முதல்" என்றார். பிறகு அவர் சாப்பாட்டு நேரத்திலும் தொப்பியைக் கழற்றுவதை நிறுத்திவிட்டார்.

நாலாம் நாள் விமலகுமாரி மேடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கால்நடை ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர். ஆயிரக்கணக்கான மாடுகளுக்கு ஊசி போட்டவர். பையில் அளவு நாடா, தராசு, ஒரு கட்டு படிவம்.

"கரடி எங்க?"

வினீத் சிரித்துக்கொண்டே கூண்டைக் காட்டினான். உள்ளே சுந்தரதாஸ் முன்னங்கால்களை மடித்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேடம் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். உயிருள்ள கரடிக்கு அனுமதி கிடையாது என்று தெரியாத காலத்தில் தயாரிப்பாளர் ஒரு மேல் அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தார். கரடி ஒன்று, ஆண், பெயர் கோபி. பிறகு அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். விண்ணப்பம் மறக்கவில்லை, மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கும்வரை மேற்படி கரடியின் உடல்நிலையைத் தினமும் பரிசோதித்து அறிக்கை அனுப்பவேண்டும் என்று விமலகுமாரிக்கு உத்தரவு வந்துவிட்டது.

"கரடியே இல்லன்னு எழுதிருங்க மேடம்" என்றான் வினீத்.

"எழுதலாம். அப்ப, பேப்பர்ல இருந்த கரடி எங்க போச்சுன்னு கேப்பாங்க. கரடி சாதாரண மிருகம் இல்ல கேட்டியா. காணாம போச்சுன்னா கேசு. ஜாமீன் கிட்டாது."

கூண்டுக்குள்ளிருந்து சுந்தரதாஸ் பேப்பரை மடித்து வைத்தார். உத்தரவு என்றால் அவருக்கு மரியாதை உண்டு.

"மேடம், நான் இருக்கேன்லா. என்னய வச்சு எழுதுங்க."

மேடம் அரைநிமிடம் யோசித்துவிட்டு, படிவத்தை ஸ்கூட்டர் சீட்டில் விரித்தார். எடை எழுபத்தொன்று. பல் இருபத்தெட்டு. வயது ஐம்பத்தேழு. உடல்நலக் குறைபாடு என்ற இடத்தில், 'இடுப்பெலும்பில் தேய்மானம். பின்னங்கால்களில் மட்டும் நிற்கும்போது வலி. நான்கு கால்களில் நடக்கும்போது வலி இல்லை' என்று எழுதினார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. நான்கு கால்களில் நடப்பது கரடிக்கு இயல்பே, சிகிச்சை தேவையில்லை. ஐம்பத்தேழு வயது என்பது தட்டச்சுப் பிழையா, இல்லையெனில் ஆராய்ச்சியாளர்கள் பார்க்க விரும்புகிறார்கள். எழுபத்தொரு கிலோ என்பது வளர்ந்த ஆண் கரடிக்கு மிகக் குறைவு, பட்டினி போடப்பட்டிருப்பதாகச் சந்தேகிக்கப்படுகிறது, உணவை உடனே மேம்படுத்தவும்.

வயதைப் பாதியாக்கி, இருபத்தெட்டரை என்று மேடம் திருத்தினார். பட்டினி விஷயம் ஆனந்தபாயின் காதுக்குப் போனது. அவர் தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு, எங்கள் ஊர் ஷிஜுவின் ஆட்டோவில் ஏறி எஸ்டேட்டுக்கே வந்துவிட்டார்.

"எனக்க மாப்பிள்ளைய நான் பட்டினி போட்டேன்னு ஆபீசுல எழுதி வச்சிருக்கிய, இல்லியா? முப்பது வருஷமா ஆரு சோறு போடுதா? நீங்களா?"

"அக்கா, ஒங்க மாப்பிள்ளையப் பத்தி நான் ஒண்ணும் எழுதல்ல. கரடியப் பத்தியாக்கும் எழுதினது."

"கரடிக்கும் நான்தான் சோறு பொங்குதேன்!"

மேடம் மறுபேச்சில்லாமல் உணவுப் பட்டியலைக் கையில் கொடுத்தார். தேன், பழங்கள், கிழங்கு, கரையான் அல்லது அதற்கு நிகரான புரதம். மறுநாள் முதல் தூக்குவாளியில் மரச்சீனிக் கிழங்கு, சக்கைப்பழம், ஒரு குப்பி தேன் எல்லாம் வந்தன. கரையானுக்கு நிகராக நெத்திலிக் கருவாடு வறுத்து வைத்திருந்தார். மேடம் ருசி பார்த்துவிட்டு 'தரம் நன்று' என்று எழுதினார். ஒரு நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வெயிலில் நிறுத்தக்கூடாது, ஏழு நாளைக்கு ஒருநாள் ஓய்வு என்ற விதிகளும் வந்தன. பம்ப் ஹவுஸில் முப்பத்தோரு வருடம் கேட்டும் கிடைக்காத வாராந்திர ஓய்வு, கரடியான ஒரே வாரத்தில் கிடைத்தது. பத்தாம் நாள் எடை எழுபத்துமூன்றரை.

அந்த முதல் ஓய்வுநாளில்தான் எங்கள் சபையில் கீபோர்டு கெட்டது. பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. ஷூட்டிங் இல்லாததால் ஜீனாவும் வந்திருந்தாள். மதிய இடைவேளைக்குப் பிறகு பார்த்தால் கீபோர்டின் கட்டைகளுக்கு இடையில் நாரங்காவெள்ளம், அதாவது எலுமிச்சை ஜூஸ், ஊறியிருந்தது. எந்தக் கட்டையை அமுக்கினாலும் ஒரே சத்தம், அதுவும் விடாமல். கடைசியாக வாசித்தவள் அஜிஷா, பத்து வயது. அவள் நான் இல்லை என்று அழுதாள். கமிட்டி கூடி, நிறைவு விழாவில் அஜிஷா வாசிக்கவேண்டாம் என்று முடிவு செய்தது. கை தூக்கியவர்களில் நானும் உண்டு, சுந்தரதாசும் உண்டு.

படப்பிடிப்பு இருபத்தொரு நாள் ஓடியது. கடைசிக் காட்சிக்கு முந்திய நாள் உத்தரவு வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. கரடியைப் படத்தில் பயன்படுத்தக்கூடாது. மூன்று நாளுக்குள், வனத்துறையைச் சேர்ந்த ஒருவர் முன்னிலையில், அதை இயற்கையான வாழிடத்தில் விடுவித்து, புகைப்படத்துடன் அறிக்கை அனுப்பவேண்டும்.

வினீத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். விமலகுமாரி மேடம்தான் யோசனை சொன்னார். "ஒன் படத்துல கடைசி சீன் என்ன?"

"ஜீனா கரடிய காட்டுல விடுதா."

"எங்க எடுக்கப்போற?"

"அம்பூரிக்கு அங்க, காட்டோரம்."

"அப்ப ரெண்டும் ஒண்ணாவே தீந்துரும்."

மறுநாள் மதியம் எல்லோரும் அம்பூரி தாண்டி மேலே போனார்கள். ரப்பர் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் கேமரா வைத்தார்கள். வனத்துறையிலிருந்து வந்த அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது, முதல் துளிகள் விழுந்துவிட்டன. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன மேடம், கரடி நீலமா இருக்கு?"

"புண்ணுக்கு மருந்து போட்டிருக்கு சார்."

மாட்டுக்குப் புண் என்றால் நீல மருந்து தடவுவதை அவர் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறார். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

காட்சிப்படி ஜீனா கரடியைக் கட்டிப்பிடித்து அதன் காதில் ஏதோ சொல்லவேண்டும். என்ன சொல்கிறாள் என்று படத்தில் கேட்காது. "ஒனக்கு இஷ்டமுள்ளத சொல்லு மக்கா" என்று வினீத் சொல்லியிருந்தான். கேமரா ஓடியது. அவள் நீலத் தொப்பியின் காதுப்பக்கம் வாயை வைத்தாள்.

"கோபி, நாரங்காவெள்ளத்தக் கொட்டுனது நானாக்கும். அஜிஷா இல்ல. நீ காட்டுக்குப் போயி ஆருகிட்டயும் சொல்லாத, என்னா?"

சுந்தரதாஸ் ஒரு கணம் அசையாமல் இருந்தார். வினீத் அதை அற்புதமான நடிப்பு என்று இன்றும் சொல்கிறான். பிறகு திரும்பி, ஈரமண்ணில் கைகளைப் பதித்து, காட்டுக்குள் நடந்தார். பெரிய பாறைக்குப் பின்னால் போய் நிற்கவேண்டும், 'கட்' சொல்வார்கள். ஜீனா உண்மையாகவே தேம்பித் தேம்பி அழுதாள்.

அப்போது மழை கொட்டிவிட்டது. கேமராவைக் காப்பாற்ற ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். வினீத், மேடம் தன் வண்டியில் அவரை ஏற்றிவிடுவார் என்று நினைத்தான். மேடம், சினிமாக்காரர்கள் கூட்டிப்போவார்கள் என்று நினைத்தார். ஜீப் போனது, வேன் போனது, ஸ்கூட்டரும் போனது.

சுந்தரதாஸ் பாறைக்குப் பின்னால் நான்கு காலிலேயே நின்றார். யாரும் 'கட்' சொல்லவில்லை. மூடச் சொல்லாமல் ஒரு நாளும் வால்வை மூடாத மனிதர் அவர். ஒன்றேகால் மணி நேரம் மழையில் நின்றிருக்கிறார். அந்த நேரம் முழுக்க அந்தப் பிள்ளை சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்ததாக, அதைச் சொல்லலாம் என்றான பிறகு, வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னார். அஜிஷாவுக்கு எதிராகத் தூக்கிய கை இப்போது சேற்றில் ஊன்றியிருந்தது. மழை விட்டதும் எழுந்து, கண்ணில் பட்ட ஒரு தடம் வழியாக இறங்கி, வேறொரு பக்கத்தில் இருந்த வனத்துறை செக்போஸ்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கே வாச்சர் பொன்னப்பன் பால் சேர்க்காத கட்டன்சாயா ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஆரு?"

"சுந்தரதாஸ். கொல்லயில்."

"பாஸ் இல்லாம உள்ள எப்பிடிப் போனீரு?"

"விட்டாவ."

"ஆரு விட்டா?"

"கவர்மெண்டு."

பொன்னப்பன் ரிஜிஸ்டரை எடுத்தார். போனில் வந்த தகவலை அவரே அதில் எழுதியிருந்தார். "இண்ணு மூணேகாலுக்கு ஒரு கரடிய விட்டிருக்கு. வேற ஒருத்தரையும் விடல்ல."

"அது நானாக்கும்."

பொன்னப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். நீல உடுப்பு, வெள்ளைப் புள்ளிகள், முட்டுவரை சேறு. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, சாயாவில் பாதியை அவருக்கு ஊற்றிக்கொடுத்தார்.

"அண்ணே, கோபப்படாதீரும். நீரு கரடின்னா வெளிய விட எனக்கு அதிகாரம் கெடையாது. மனுசன்னா, காட்டுல கேறினதுக்கு கேசு எழுதணும். ரெண்டுல எது வேணும்?"

சுந்தரதாஸ் நேர்மையாக யோசித்தார். "எனக்கு வீட்டுக்குப் போணும்" என்றார்.

உடுப்பில் பாக்கெட் இல்லாததால் போனும் இல்லை. பொன்னப்பனின் போனில் ஆனந்தபாயைக் கூப்பிட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஷிஜுவின் ஆட்டோ வந்து நின்றது. ஆனந்தபாய் வேட்டி சட்டையோடு இறங்கி, ரிஜிஸ்டரை வாங்கித் தானே படித்தார்.

"எனக்க மாப்பிள்ள கரடின்னு எழுதினா, நான் ஆராக்கும்? அதையும் எழுதும். சபையில வச்சு கெட்டினதாக்கும், சர்ட்டிபிகேட் உண்டு."

பொன்னப்பன் பேனாவைக் கடித்தார். இருபது வருட வேலையில் இத்தனை கஷ்டப்பட்டு ஒரு வரி எழுதியதில்லை என்று பிற்பாடு சொன்னார். 'விடப்பட்ட கரடி காட்டுக்குள் சென்றது. வழியனுப்ப வந்தவர்களில் ஒருவர் வழிதவறி இப்பக்கம் வந்தார். விசாரித்து, மனைவியிடம் ஒப்படைக்கப்பட்டார்.' ஆனந்தபாய் கையெழுத்துப் போட்டார். கோபியின் கோப்பு அத்தோடு முடிந்தது.

மறுநாள் காலை சுந்தரதாஸ் மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு காலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு சம்சயம். ஒருத்தரு கரடிகிட்ட சொன்னத மனுசன் வெளிய சொல்லலாமா?"

"கரடி சம்மதிச்சா சொல்லலாம்" என்றேன், விளையாட்டாக.

"சம்மதிக்காது" என்றார் அவர். விளையாட்டில்லை.

அந்த வாரமே கமிட்டி கூட்டத்தில் எழுந்து, கீபோர்டில் நாரங்காவெள்ளத்தைக் கொட்டியது தான்தான் என்றார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"அண்ணைக்கு ஒமக்கு ஷூட்டிங் இல்லியா?"

"லீவாக்கும். விமலா மேடம் எழுதித் தந்தது."

எல்லோரும் நம்பினோம். தண்ணீரைக் கண்ட இடத்தில் திறந்துவிடுவது அவருடைய தொழில்தானே என்று யாரோ சொல்ல, சிரித்தும் விட்டோம். நிறைவு விழாவில் கடன்வாங்கிய ஒரு கீபோர்டில் அஜிஷா மூன்று பாட்டு வாசித்தாள். முன்வரிசையில் இருந்த ஜீனா கை தட்டவில்லை. சுந்தரதாசைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம் நெய்யாற்றின்கரையில் திரைக்கு வந்தது. கொல்லயிலிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் போனோம். விமலகுமாரி மேடம் குடும்பத்தோடு வந்திருந்தார். பொன்னப்பன்கூட வந்திருந்தார். திரையில் கறுகறுவென்று முடிசிலிர்த்த ஒரு கரடி வந்தது. தலையை ஆட்டியது. அது சுந்தரதாசின் ஆட்டமேதான். வேனில் வந்தவர்கள் எல்லோரும் விசில் அடித்தோம்.

"அது நீங்கதானா?" என்றார் ஆனந்தபாய் ஒவ்வொரு காட்சியிலும்.

"ஆமா."

"கொஞ்சம் தடிச்சிருக்கிய."

கரடி காட்டுக்குள் போகும் காட்சியில் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. கடைசியில் பெயர்கள் ஓடின. நன்றி என்று போட்டு நாற்பது பெயர்களுக்கு நடுவில் 'சுந்தர்ராஜ், கொல்லயில்' என்று வந்தது. ஆனந்தபாய் வினீத்தைத் தேடிப் போனார்.

சுந்தரதாஸ் வெளியே, பைக் நிறுத்துமிடத்தில், தூணைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஜீனா வந்தாள். புது உடுப்பு, தலையில் ரிப்பன், பத்துப்பேர் அவளோடு படம் எடுக்கக் காத்திருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு நேராக அவரிடம் வந்தாள்.

"மாமா, கீபோர்ட கெடுத்தது நீங்க இல்லல்லா."

அவர் தூணிலிருந்து கையை எடுத்தார்.

"அஜிஷாகிட்ட நான் சொல்லியாச்சு. இண்ணைக்குக் காலத்த. அவ எனக்கூட பேசமாட்டேன்னுட்டா."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது சொல்லல்ல."

"ரெண்டு நாளு பாரு மக்கா. பெறவு போயி இன்னொருக்கா கேளு."

ஜீனா தலையாட்டினாள். பிறகு அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். காதுப்பக்கம், கண்ணுக்கு அடியில், எல்லாம் பார்த்தாள். எதையோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள்.

"கணக்குடீச்சருக்க மூக்குத்தி கிட்டியாச்சு மாமா" என்றாள். "சாம்பாருல கெடந்துச்சு."

அதற்குள் அவள் அம்மா கூப்பிட்டுவிட்டாள். சுந்தரதாஸ் அந்தச் செய்தியைச் சொல்லத்தான் எங்களைத் தேடி வந்தார். வேனில் எல்லோரும் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தபோது, அவர் மட்டும் யாருடைய சாம்பார், எந்த வீட்டில், யார் முதலில் கடித்தது என்று ஊர் வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.